எலைட் டேஞ்சரஸ்: 40,000 கோடி நட்சத்திரம் இருந்தும் சுத்திப் பாக்குறது ஏன் இவ்ளோ பேஜாரா இருக்கு?

கொருக்குப்பேட்டை_கேப்டன்

புலம்பல் இழைதான், முன்னாடியே சொல்லிடுறேன்.

பால்வெளி மொத்தமும் நிஜ அளவுலயே இருக்குன்னு சொல்லித்தான் இந்த கேமை எல்லாரும் கைகாட்டுறாங்க. உள்ள போனா நடக்கிறது இவ்ளோதான்: அடுத்த நட்சத்திரத்துக்குத் தாவு, ஹாங்க் அடி (சுத்தி என்ன இருக்குன்னு ஸ்கேன் பண்றது), நட்சத்திரத்தை ஒட்டிப் பறந்து எரிபொருள் அள்ளு, அடுத்ததைக் குறி வை, தாவு. ஒரு தடவைக்கு 32 ஒளியாண்டு தாவுற ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர் கப்பல்ல, தொலைவுல ஆளுங்க குடியேறின கொலோனியாவுக்குப் போகணும்னா 22,000 ஒளியாண்டு. ஏறக்குறைய 700 தடவை இதே சடங்கு. நடுவுல நிறுத்திப் பாத்தா பழுப்புப் பாறை, சாம்பல் பாறை, பனிக்கட்டி. பூமி மாதிரி கிரகம் மாட்டினா அதுல இறங்கவே விடமாட்டான். கண்டுபிடிச்சதுக்குக் காசு வருது. அந்தக் காசுல இன்னொரு கப்பல் வாங்கி மறுபடியும் இதையே செய்யலாம்.

'கற்பனை பண்ணிக்கோ', 'பாட்டு போட்டுட்டு ஓட்டு' மாதிரி பதில் வேணாம். கேமுக்குள்ளயே செய்யக்கூடியது ஏதாவது இருந்தா சொல்லுங்க.

வியாசை_வார்ப்

இன்னா நைனா, ஆஸ்ப்ல 32 தானா? சண்டைச் சாமானெல்லாம் ஏத்தி வெச்சிருக்கியா? கப்பல்ல இன்னா இன்னா கீதுன்னு போடு.

கொருக்குப்பேட்டை_கேப்டன்

எல்லா பாகமும் ஏ தரம். ரெண்டு லேசர், பெரிய கேடயம், சரக்கு ரேக் ரெண்டு, எரிபொருள் அள்ளுற ஸ்கூப் 4-ம் அளவு.

வியாசை_வார்ப்

அதான் மேட்டரு. ஏ தரம்னா ஒசத்தின்னு எல்லாத்துலயும் அதையே மாட்டிக்கிறாங்க. தாவுற தூரம் மொத்த எடையப் பொறுத்துதான்பா. எடை கம்மியானது டி தரம். ஏ தரம் மூணே மூணுக்குத்தான் வோணும்: தாவ வைக்கிற ஃபிரேம் ஷிஃப்ட் டிரைவ், ஸ்கூப், பவர் பிளான்ட். பவர் பிளான்ட் ஏ தரம் சூடு கம்மியா வுடும். ஆனா கப்பலுக்குத் தேவையான மின்சாரம் வர்ற அளவுக்குச் சின்ன சைஸ் போதும். உயிர்காப்பு, சென்சார், த்ரஸ்டர் எல்லாம் டி. லேசரக் கழட்டிக் கடாசு. கேடயம் இருக்குறதுலயே சின்னது டி தரம். அதுவும் சண்டைக்கு இல்ல, கிரகத்துல எறங்கும்போது இடிச்சிக்கினா தாங்குறதுக்கு.

ஆஸ்ப்ல 6-ம் அளவு இடம் ஒண்ணு கீது, அதுல 6 ஏ ஸ்கூப்ப வை. 4-ம் அளவு ஸ்கூப்போட நட்சத்திரத்தைச் சுத்திக்கினே கெடந்தா போர் அடிக்காம இன்னா செய்யும்? பெருசு மாட்டினா அடுத்த தாவலுக்கு டிரைவ் ரெடியாகறதுக்குள்ள டாங்க் ரொம்பிடும்.

5-ம் அளவு இடத்துல கார்டியன் பூஸ்டர். சொளையா 10.5 ஒளியாண்டு கூடும். அப்பால தெசியாட் மண்டலத்துல ஃபெலிசிட்டி ஃபார்சியர்னு ஒரு இன்ஜினியர் கீது. ஆராய்ச்சியில ஸ்கவுட் ரேங்கும், மெட்டா-அலாய்ங்கற பொருள் ஒண்ணும் கொண்டு போனா டிரைவ அஞ்சாம் கிரேடு வரைக்கும் ஏத்தித் தரும். மேல மாஸ் மேனேஜர் எஃபெக்டையும் போட்டுக்கோ. ஆஸ்ப் 60-ஐத் தாண்டும். 700 தாவல் 370-க்குள்ள வந்துடும்.

மீதி இடத்துல மேற்பரப்பு ஸ்கேனர், பழுதுநீக்கி ஒண்ணு, சின்ன வண்டி ஹாங்கர். சூட்ட வெளிய தள்ளுற ஹீட் சிங்க் ஒண்ணு கட்டாயம். இரட்டை நட்சத்திரத்துக்கு நடுவுல போய் வுழுந்தா அதான் காப்பாத்தும்.

தண்டையார்பேட்டை_டைட்டன்

வார்ப் சொன்ன கப்பல் அமைப்பு சரி. ஆனால் அவர் தீர்த்தது வேறு பிரச்சினை. 700 முறை சலிப்பதற்குப் பதில் 370 முறை சலிக்கலாம், அவ்வளவுதான்.

சலிப்புக்குக் காரணம் தூரம் அல்ல. அடுத்து எங்கே போவது என்று முடிவெடுக்க விளையாடுபவருக்கு எந்தத் தடயமும் தரப்படவில்லை. பாதை போடுகிறோம், அது காட்டும் இடத்துக்குப் போகிறோம், அங்கே இருப்பது இருக்கிறது. இதில் நம் திறமை எங்கே?

2018 டிசம்பரில் வந்த 3.3 பதிப்பு இதைச் சரிசெய்ய முயன்றது. அதற்கு முன் ஹாங்க் அடித்ததும் மண்டலத்தின் படம் முழுக்க வந்துவிடும், ஆனால் ஒவ்வொரு கோளுக்கும் பறந்துபோய்த்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். ஒரு துணைக்கோள் மூன்று லட்சம் ஒளிநொடி தள்ளி இருந்தால் அதற்கே நெடுநேரம் பறக்க வேண்டும். 3.3-க்குப் பிறகு எஃப்எஸ்எஸ் என்ற ஸ்கேனர் திரையில் இருந்த இடத்திலேயே அலைவரிசையைத் திருப்பித் திருப்பி எல்லாவற்றையும் திறந்துவிடலாம். நேரம் மிச்சம். ஆனால் பறப்பதும் போய்விட்டது. விண்வெளிக் கப்பல் விளையாட்டில் கப்பலை நிறுத்திவைத்து ரேடியோ திருகுவதுதான் ஆராய்ச்சி என்று ஆக்கியது அந்தப் பதிப்புதான்.

புளியந்தோப்பு_பல்சர்

டைட்டன், தடயமே இல்லைன்னு சொல்றது தப்பு. தடயம் இருக்கு. கேம் அதைச் சொல்லித் தராது, அதுதான் கோளாறு.

கேப்டன், மண்டலத்தோட பேரைப் படிக்கப் பழகுப்பா. கொலோனியாவோட பழைய பேர் ஈயோல் ப்ரூ ஆர்எஸ்-டி டி3-94. கடைசி எண்ணோட ஒட்டிக்கிட்டு இருக்கே, அந்தச் சின்ன எழுத்துதான் நிறைக் குறியீடு. ஏ-ல ஆரம்பிச்சு ஹெச் வரைக்கும் எட்டு எழுத்து. பால்வெளி மொத்தத்தையும் கேம் கனசதுரமா வெட்டி வெச்சிருக்கு. ஏ எழுத்துக்குப் பக்கம் 10 ஒளியாண்டு, பி-க்கு 20, சி-க்கு 40, டி-க்கு 80, இப்படியே ரெட்டிப்பாகி ஹெச்-ல 1,280. எழுத்து ஏற ஏற மண்டலத்தோட மொத்த நிறை கூடும்.

ஏ, பி பெரும்பாலும் சிவப்புக் குள்ளன், பழுப்புக் குள்ளன். சி, டி-லதான் நம்ம சூரியன் ரகமான கே, ஜி, எஃப் நட்சத்திரங்கள் அதிகம் மாட்டும். நீர்க் கிரகம், பூமி மாதிரி கிரகம் தேடுறவங்க இங்கதான் தேடணும். எழுத்து அதுக்கும் மேல போனா ராட்சத நட்சத்திரம், நியூட்ரான், கருந்துளை.

மேப்ல செய்ய வேண்டியது: நட்சத்திர வகை வடிகட்டியில எஃப், ஜி, கே மட்டும் டிக் பண்ணு. பாதைக்கும் அதே வடிகட்டியைப் பயன்படுத்துன்னு ஒரு பெட்டி இருக்கும், அதையும் டிக் பண்ணு. இந்த மூணுமே எரிபொருள் அள்ளக்கூடிய வகைங்கறதால டாங்க் காலியாகி நடுவழியில நிக்கிற பயமும் இல்லை. பழுப்புக் குள்ளன்களான எல், டி, ஒய், அப்புறம் டி டாரி, வெள்ளைக் குள்ளன் எதுலயும் அள்ள முடியாதுங்கறதை மட்டும் மறக்காத.

அடுத்தது, நேர்க்கோட்டுல போகாத. சூரியன்ல இருந்து கொலோனியாவுக்கும் பால்வெளி நடுவுல இருக்குற சாஜிடேரியஸ் ஏ கருந்துளைக்கும் போற கோடு எண்ணூர் நெடுஞ்சாலையில நிக்கிற கன்டெய்னர் லாரி வரிசை மாதிரி. எங்க பாத்தாலும் முதல்ல கண்டுபிடிச்சவர்னு முன்னாடி ஒருத்தர் பேர் போட்டுட்டுப் போயிருப்பார். பால்வெளித் தளத்துக்கு மேலயோ கீழயோ ஐந்நூறு ஒளியாண்டு விலகிட்டா பேர் இல்லாத மண்டலமா வர ஆரம்பிக்கும். மொத்தத்துல ஆயிரத்துல ஒரு பங்குக்குக்கூட இன்னும் ஆள் போகலை.

எண்ணூர்_சிமினி

அக்கா சொன்னது நோட் பண்ணிக்க வேண்டியது. ஆனா கேப்டன், இதை விட்டுட்டு வேற கேமுக்கு ஓடலாம்னு நினைச்சா அங்கயும் இதே கதைதான், வேற வேற காரணத்துக்கு.

ஸ்டார்ஃபீல்டு 2023 செப்டம்பர்ல 1,000 கிரகத்துக்கு மேல வெச்சு வந்துச்சு. அங்க கட்டடமெல்லாம் கையால செஞ்சது, அதை எங்க வைக்கிறதுன்னு முடிவு பண்றதுதான் நிரல். அதனால வேற வேற நட்சத்திரத்துல அதே கைவிட்ட ஆய்வகம், அதே மேசை, அதே இடத்துல அதே பொணம், அவன் எழுதி வெச்ச அதே குறிப்பு. ஒரு தடவை ரசிச்ச கதையே ரெண்டாவது தடவை எரிச்சல் ஆயிடுது. கட்டடத்துக்குக் கட்டடம் நடந்தே போகணும்ங்கறது வேற. 2024 ஆகஸ்ட்ல வண்டி குடுத்தாங்க. நடக்கிற நேரம் குறைஞ்சுது, போய்ச் சேர்ற இடம் மாறலை. செப்டம்பர்ல வந்த ஷேட்டர்டு ஸ்பேஸ்ல கையால செஞ்ச ஒரே கிரகத்துல கதைய வெச்சாங்க. அதுவே ஒரு ஒப்புதல்தான்.

நோ மேன்ஸ் ஸ்கை 2016-ல வந்தப்போ 18,446,744,073,709,551,616 கிரகம்னு பெருமை. 64 பிட் விதை எண்ணுல எத்தனை வருமோ அத்தனை, வேற மாயம் இல்லை. ஒரு கிரகம் முழுக்க ஒரே தட்பவெப்பம்ங்கறதால இறங்கின பத்தாவது நிமிஷம் மொத்தக் கிரகத்தையும் பாத்த மாதிரி. அப்புறம் வருஷக்கணக்கா இலவச அப்டேட் குடுத்து நிறைய மாத்திட்டாங்க. அடித்தளம் அதேதான்.

எலைட்ல எதிர்ப்பக்கம். இயற்பியல்படி நட்சத்திரமும் கோளும் உருவாகுற கணக்கை ஓட்டி மண்டலத்தை உண்டாக்குறாங்க. நிஜ விண்வெளியில பெரும்பாலும் பாறையும் பனியும்தான். அதனால இங்கயும் பாறையும் பனியும். உண்மையா இருக்குறதுக்குக் குடுக்குற விலை அது.

தண்டையார்பேட்டை_டைட்டன்

சிமினி, மூன்றையும் பிரித்துச் சொன்னது நன்று. நாலாவதாக அவுட்டர் வைல்ட்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019. கைவிரலில் எண்ணிவிடலாம், அவ்வளவு கோள்கள்தான், 22 நிமிடச் சுழற்சி. அங்கே பணமும் இல்லை, கப்பலை மேம்படுத்துவதும் இல்லை. கிடைப்பது தகவல் மட்டும், அந்தத் தகவல்தான் அடுத்த கதவைத் திறக்கும். எலைட்டில் கண்டுபிடிப்பு எதையும் திறப்பதில்லை. நான் கேட்பது அதைத்தான்.

ராயபுரம்_ரேடார்

திறக்கிறதைப் பத்தி அப்புறம் சண்டை போடுங்க. தேடுறதுக்கு இன்னொரு வழி.

பிசி பதிப்பு நடக்கிறதையெல்லாம் ஜர்னல் கோப்பா எழுதிக்கிட்டே இருக்கும். விண்டோஸ்ல உங்க பயனர் கோப்புறைக்குள்ள சேவ்டு கேம்ஸ், அதுக்குள்ள ஃபிரான்டியர் டெவலப்மென்ட்ஸ், அதுக்குள்ள எலைட் டேஞ்சரஸ். ஒவ்வொரு வரியும் ஒரு ஜேசான் பதிவு. ஸ்கேன் பண்ணின ஒவ்வொரு கோளோட ஆரம், ஈர்ப்பு, வெப்பம், சுற்றுப்பாதை எல்லாம் அதுல இருக்கும்.

அப்சர்வேட்டரி கோர்னு ஒரு இலவச மென்பொருள் இந்தக் கோப்பை நேரலையில படிச்சு, வித்தியாசமானது வந்தா குரல்ல சொல்லும். வளையம் இருக்குற, இறங்கக்கூடிய கோள், ஒண்ணோட ஒண்ணு உரசுற அளவுக்கு நெருங்கின இரட்டைக் கோள், வளையத்துக்குள்ள ஓடுற துணைக்கோள், துணைக்கோளுக்குத் துணைக்கோள், தலைசுத்துற வேகத்துல சுழலுறது, இப்படி. சொந்த நிபந்தனையும் எழுதலாம். எழுதும்போது கவனிக்க வேண்டியது அலகு: ஜர்னல்ல ஆரம் மீட்டர்ல, ஈர்ப்பு மீட்டர்/நொடி²-ல, வெப்பம் கெல்வின்ல வரும். 0.3 ஜி-ன்னு (பூமி ஈர்ப்புல 0.3 பங்கு) நினைச்சு 0.3 போட்டா ஒண்ணும் சிக்காது, 2.94 போடணும்.

ஸ்கேன் பண்ணாததைப் பத்தி இது எதுவும் சொல்லாது. அதனால ஹாங்க் அடிச்சுட்டு ஓடுறவங்களுக்கு உபயோகம் இல்லை. எஃப்எஸ்எஸ்-ல அஞ்சாறு கோளாவது திறக்கணும். அலைவரிசைப் பட்டையில ஒவ்வொரு வகைக்கும் ஒரு இடம் இருக்கு, வாயுக்கோள் எல்லாம் வலது ஓரம். இடத்தையும் சத்தத்தையும் வெச்சே எதைத் திறக்கணும், எதை விடணும்னு பழகிடும். மொத்தத்தையும் திறந்தா ரெண்டே நாள்ல வெறுத்துடும்.

நம்ம ஏரியா ஆளுங்களுக்கு ஒண்ணு: தனியாள் முறையில ஓட்டினாலும் இணையம் வேணும். ஆஃப்லைன் முறையை 2014-ல வெளியீட்டுக்கு முன்னயே கைவிட்டுட்டாங்க. மே மாசம் கரன்ட் போகும்போது யுபிஎஸ் பிசிக்கு மட்டும் இருந்தா பத்தாது, ஃபைபர் பெட்டியையும் ரவுட்டரையும் அதுலயே மாட்டுங்க. கிராபிக்ஸ் அமைப்புல ஃபிரேம் அளவை 60-ல கட்டிப்போட்டா கார்டும் கொதிக்காது, யுபிஎஸ்ஸும் கொஞ்சம் தாங்கும்.

கொருக்குப்பேட்டை_கேப்டன்

இதுவரைக்கும் சரி. ஆனா இறங்கின பிறகு? செடி ஸ்கேன் பண்ற வேலை இன்னும் கொடுமை. ஒரு பாக்டீரியத் திட்டுக்கு அரை மணி நேரம் அலைய வேண்டியிருக்கு.

புளியந்தோப்பு_பல்சர்

பாக்டீரியத்துக்கு எதுக்குப்பா இறங்குற? அதுல பலது 10,00,000 கிரெடிட்தான். எது இருக்கும்னு இறங்குறதுக்கு முன்னாடியே கணிக்கலாம்.

எஃப்எஸ்எஸ்-ல கோளைத் திறந்ததும் எத்தனை உயிர்ச் சிக்னல்னு எண்ணிக்கை வரும். ஒண்ணுதான்னா பெரும்பாலும் பாக்டீரியம், தாண்டிப் போயிடு. ஹை மெட்டல் கன்டென்ட் (உலோகம் அதிகம் இருக்குற) வகை, மெல்லிய வளிமண்டலம், வெப்பம் 165 கெல்வினுக்கு மேல, சிக்னல் ரெண்டோ அதுக்கு மேலயோ: இது நாலும் சேர்ந்தா ஸ்ட்ரேட்டம் டெக்டோனிகாஸ்ங்கற உயிரினம் இருக்க நல்ல வாய்ப்பு. அதோட விலை 1,90,10,800. அந்த இனத்தை அந்தக் கிரகத்துல முதல்ல பதிஞ்சது நீன்னா அஞ்சு மடங்கு, 9,50,54,000. அதுக்குத்தான் ஆள் போகாத பக்கம் போன்னு சொன்னது.

அப்புறம் மேற்பரப்பு ஸ்கேனரால ஆய்வுக்கணை விட்டு மொத்தக் கோளையும் மூடு. கணை தீராது, ஆனா குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள்ள முடிச்சா காசு கூடும். முடிஞ்சதும் எந்தப் பேரினம்னு தெரிஞ்சிடும். ஸ்ட்ரேட்டம் இல்லையா, இறங்காமலே கிளம்பு. இருந்தா வெப்ப வரைபடத்தை அந்தப் பேரினத்துக்கு மாத்தி, நிறம் இருக்குற இடமும் பகல் வெளிச்சமும் சேர்ற ஓரத்தைப் பிடி. இருட்டுப் பக்கம் இறங்கித் தேடுறதாலதான் பாதிப் பேருக்கு அரை மணி நேரம் போகுது. ஸ்ட்ரேட்டம் சமவெளியில தட்டையாப் படர்ந்து கிடக்கும், தாழப் பறந்தா கப்பல்ல இருந்தே தெரியும். ஆசியஸ் பாறைச் சரிவுல இருக்கும், அதைக் கால்நடையாத் தேடாத.

மூணு மாதிரி எடுக்கணும், மூணுக்கும் நடுவுல இடைவெளி வேணும். ஸ்ட்ரேட்டம், பாக்டீரியம் 500 மீட்டர். டஸ்ஸாக் 200. ஃபுருடெக்சா, அலியோய்டா 150. ஆசியஸ், டியூபஸ் 800. எலெக்ட்ரிக்கே 1,000. 500-க்கு மேல இருந்தா நடக்காத, கப்பல்ல ஏறிப் பறந்து அடுத்த திட்டுல இறங்கு. ஒரு இனத்துல ரெண்டு மாதிரி எடுத்துட்டு நடுவுல வேற செடியை எடுத்தா முதல் ரெண்டும் போச்சு. இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க.

இதுக்கு ஆஸ்ப்பை விட டயமண்ட்பேக் எக்ஸ்ப்ளோரர் வசதி. சின்ன உடம்பு, கரடுமுரடான இடத்துலயும் உக்காந்துடும்.

வியாசை_வார்ப்

அக்கா மெர்சல். நா ஒண்ணு சேத்துக்குறேன். அவசரமா தூரம் போவணும்னா நியூட்ரான் நட்சத்திரம் பீய்ச்சுற வால்ல நுழைஞ்சு டிரைவ சார்ஜ் ஏத்திக்கோ, அடுத்த ஒரு தாவல் நாலு மடங்கு போவும். வெள்ளைக் குள்ளன் வால்ல ஒன்றரை மடங்குதான், ஆபத்து மட்டும் கூட. சொம்மா வுட்டுடு. வாலோட நுனிப் பக்கமா நுழை, நடுவுக்கு நட்சத்திரத்துக் கிட்ட போவாத. உள்ள கப்பல் ஆடும், பயந்து வேகத்தக் கொறைக்காத. சார்ஜ் ஏறிச்சுன்னு வந்ததும் பக்கவாட்டுல வெளிய வா. ஒவ்வொரு தபாவும் டிரைவ் 1 சதம் தேயும், அதுக்குத்தான் பழுதுநீக்கி. பாதையத் தானே போட்டுத் தர்றதுக்கு ஸ்பான்ஷ்னு ஒரு தளம் கீது.

ஒரு மண்டலத்துக்குள்ளயே தொலைவா கீற கோளுக்குப் போவ 2024-ல வந்த எஸ்சிஓ டிரைவ் கீது, மண்டலத்துக்குள்ள வேகத்தக் கூட்டுறது. ஆல்ஃபா சென்டாரியில ஹட்டன் ஆர்பிடல் 0.22 ஒளியாண்டு தூரத்துல கீது, பழைய டிரைவுல ஒரு மணி நேரத்துக்கு மேல சொம்மா குந்திக்கினு இருக்கணும். இதுல அமுக்கினா பறக்கும். எரிபொருளையும் அதே வேகத்துல குடிக்கும், சூடும் ஏறும். டாங்க்கப் பாத்துக்கினே அமுக்கு.

தண்டையார்பேட்டை_டைட்டன்

பல்சர் சொன்ன முறை வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள்: நிறைக் குறியீடு பேருக்குள் ஒளிந்திருக்கிறது, ஸ்ட்ரேட்டத்தின் 165 கெல்வின் நிபந்தனையை விளையாடுபவர்கள் தரவு சேர்த்துக் கண்டுபிடித்தார்கள், வித்தியாசமான கோளை அறிவிக்க வெளி மென்பொருள் தேவைப்படுகிறது. ஆராய்ச்சியின் சுவையான பகுதி முழுக்க கேமுக்கு வெளியே நடக்கிறது. 3.3-ல் கோடெக்ஸ் என்ற கண்டுபிடிப்புப் பதிவேட்டைக் கொண்டுவந்தார்களே, அதில் 'இந்த இனம் இந்த வகைக் கோளில் கண்டறியப்பட்டது' என்று நம் சொந்தப் பதிவுகளிலிருந்தே விதி உருவாகும்படி செய்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

2025-ல் வந்த குடியேற்ற முறை கொஞ்சம் ஈடுகட்டியது. இப்போது ஒரு மண்டலத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு அங்கே குடியேறுபவரிடம் மதிப்பு உண்டு. ஆனால் அது ஏற்கெனவே குடியிருக்கும் பகுதியை ஒட்டியே நகர்கிறது. 20,000 ஒளியாண்டு தள்ளிக் கிடைத்ததற்கு இன்றும் பயன் கிரெடிட் மட்டுமே.

புளியந்தோப்பு_பல்சர்

கோடெக்ஸ் விஷயத்துல ஒத்துக்கறேன். அது பாதியில விட்ட வேலை. ஆனா அந்த விதியை கேமே எழுதிக் குடுத்துட்டா அப்புறம் கண்டுபிடிக்க என்ன மிச்சம்? ஜர்னல் கோப்பைத் திறந்து வெச்சதாலதான் ஆளுங்க சேர்ந்து அந்த 165-ஐக் கண்டுபிடிச்சாங்க. அது கேமுக்கு வெளியன்னு நீங்க சொல்றீங்க. எனக்கு அதுதான் கேம்.

எண்ணூர்_சிமினி

நீங்க ரெண்டு பேரும் இதுல ஒத்துப்போகப் போறதில்லை.

கொருக்குப்பேட்டை_கேப்டன்

லேசரைக் கழட்டியாச்சு, ஸ்கூப் மாத்தியாச்சு, வடிகட்டி போட்டாச்சு. இப்ப நிக்கிற மண்டலத்துல 2.4 ஜி-ல ஒரு ஹை மெட்டல் கன்டென்ட் கோள் இருக்கு, வளையத்தோட. இறங்கலாமா?

புளியந்தோப்பு_பல்சர்

செடிக்காகன்னா வேணாம். பெரும்பாலான இனங்கள் 0.27 ஜி-க்கு மேல வளராது. ஸ்ட்ரேட்டமும் பாக்டீரியமும்தான் அதைத் தாண்டி 0.6 பக்கம் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். 2.4-ல ஒண்ணும் இருக்காது.

வளையத்தைத் தரையில இருந்து பாக்கணும்னா இறங்கலாம். மின்சாரத்தைப் பிரிச்சுக் குடுக்குற பிப்புல நாலைக் கேடயத்துக்குப் போடு. மூக்கைக் கீழ குத்தி இறங்காத, வயிறு தரையைப் பாத்த மாதிரி மட்டமா வெச்சு, கீழ்நோக்கித் தள்ளுறதைத் தொட்டுத் தொட்டு விடு. தரைக்குப் பக்கத்துல வேகம் கூடிட்டா டி தரத் த்ரஸ்டரால நிறுத்த முடியாது. விக்காத டேட்டா கையில இருந்தா முதல்ல போய் வித்துட்டு வா, கப்பல் வெடிச்சா மொத்தமும் போயிடும். பக்கத்துல ஃபிளீட் கேரியர் (ஆளுங்க சொந்தமா வெச்சிருக்குற ராட்சதத் தாய்க்கப்பல்) இருந்தா அங்கயும் விக்கலாம், ஆனா வரைபட டேட்டாவுக்கு முக்கால் பங்குதான் கைக்கு வரும்.